மலை வண்ணத்துப் பூச்சிகளும் சேகரிப்பின் எல்லையும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூரு நகரம், பூச்சியியல் ஆராய்ச்சிக்கு இந்தியாவிலுள்ள முக்கியமான இடங்களுள் ஒன்றாகும். எப்பாளில் இயங்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிலையம், வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம், தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் ஆகிய மூன்றிலும் பூச்சி மாதிரிகளின் தொகுப்புகள் பேணப்பட்டு வருகின்றன. நகரின் தெற்கே பன்னேர்கட்டாவில் 2006-ஆம் ஆண்டில் வண்ணத்துப் பூச்சிப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. பாபாபுதன்கிரி, குடகு மலைகள், பிளிகிரிரங்கன் மலை, நீலகிரி ஆகியவை யாவும் இந்நகரிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவிற்குள் அடங்குவன. ஆகையால் கல்லூரி மாணவரும், ஆசிரியரும், களப்பணியாளரும், பொழுதுபோக்காகப் பூச்சி சேர்ப்போரும் வலையுடனோ புகைப்படக் கருவியுடனோ இங்கிருந்து மலையேறுவது வழக்கமாக உள்ளது.

இவ்வாறு செல்வோர் அனைவர் முன்பும் ஒரு கேள்வி எழுகின்றது. எளிதில் காணக் கிடைக்காத பூச்சி ஒன்று வலைக்குள் வந்துவிட்டால், அதனை மாதிரியாகக் கொள்ளலாமா அல்லது பறக்கவிட வேண்டுமா என்பதே அது. இக்கேள்விக்கு இரக்க உணர்ச்சியை மட்டும் கொண்டு விடை கூறிவிட இயலாது. விஞ்ஞானத்தின் பெயரை மட்டும் சொல்லியும் தப்பிவிட முடியாது. பூச்சியின் வாழ்க்கை முறை, அதன் எண்ணிக்கை, மாதிரியின் பயன், நாட்டின் சட்டம் ஆகிய நான்கையும் அறிந்த பின்னரே சரியான விடை கிடைக்கும்.

மலை உச்சி ஒரு தீவு

இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட வண்ணத்துப் பூச்சி இனங்கள் உள்ளன. அவற்றுள் 330-க்கும் மேற்பட்டவை மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கின்றன. இவற்றிற் பெரும்பாலானவை சமவெளியிலும் காணப்படுவன. ஆயினும் சில இனங்கள் உயர்ந்த மலைப் பகுதிகளுக்கே உரியவை. நீலகிரி வரியன், பழனி மலையின் பெயரைத் தாங்கிய புல்வெளிப் பழுப்புப் பூச்சிகள், நீலகிரியின் பெயரைத் தாங்கிய மஞ்சட் பூச்சி முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. குளிர்ந்த சோலைக் காடும் அதனையொட்டிய புல்வெளியுமே இவற்றின் இருப்பிடங்கள்.

நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமும், அதன் தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமும் உடையவை. இரண்டிற்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் தாழ்ந்து கிடக்கின்றது. கடலிடையே நிற்கும் தீவினைப் போல, வெப்பமான தாழ்நிலத்தின் நடுவே குளிர்ந்த மலை உச்சிகள் தனித்து நிற்கின்றன. ஓர் உச்சியில் வாழும் பூச்சிக் கூட்டம் அழிந்துபோனால், அடுத்த உச்சியிலிருந்து பூச்சிகள் பறந்து வந்து அவ்விடத்தை நிரப்புவது அரிது. சமவெளிப் பூச்சிகளுக்கு இத்துன்பம் இல்லை. எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் ஓரிடத்தில் முற்றிலும் பிடிக்கப்பட்டாலும், அடுத்த வயல் வரப்பிலிருந்து சில நாட்களில் வேறு சில வந்து சேர்ந்துவிடும்.

மலைப் பூச்சிகளுக்கு வேறு இரு குறைபாடுகளும் உண்டு. சிலவற்றின் புழுக்கள் ஒரு சில தாவரங்களை மட்டுமே உண்டு வளரும். மேலும், உயர்ந்த இமயப் பகுதியில் வாழும் பல இனங்களுக்கு ஆண்டிற்கு ஒரே தலைமுறைதான். கோடையின் சில வாரங்களே அவை பறக்கும் காலம். அச்சில வாரங்களில் நேரும் இழப்பினை அவ்வாண்டிற்குள் ஈடு செய்ய அவற்றிற்கு வேறு வாய்ப்பில்லை.

சேகரிப்பினால் விளைந்த பயன்

சேகரிப்பு முழுவதும் தீயது என்று கருதுவது தவறாகும். வண்ணத்துப் பூச்சிகளைப் பற்றி இன்று அறியப்பட்டுள்ளவற்றில் பெரும்பகுதி, கவனமாகச் சேர்க்கப்பட்ட மாதிரிகளினின்றும் பெறப்பட்டதே. நீலகிரி மாவட்டத்து வண்ணத்துப் பூச்சிகளின் பட்டியலை ஹாம்ப்ஸன் என்பவர் 1888-இல் வெளியிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1987-88-இல், டார்பென் லார்சன் என்ற அறிஞர் அதே மலையின் பூச்சிகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஒரு நூற்றாண்டு இடைவெளியில் எவை நிலைத்துள்ளன, எவை குறைந்துள்ளன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பழைய மாதிரிகளும் குறிப்புகளும் இன்றியமையாதவை. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய வின்டர்-பிளைத் என்பவர் எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1957-இல் வெளியிட்ட நூல், பல தலைமுறைக் களப்பணியாளருக்கு வழிகாட்டியாக இருந்தது.

இன்றும் சில இனங்களை மாதிரியின்றி உறுதி செய்ய இயலாது. சிறிய நீலப் பூச்சிகளிலும், தாவிப் பறக்கும் துள்ளிகளிலும், புல்வெளிப் பழுப்புப் பூச்சிகளிலும் இறகின் தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும். வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளை நுண்பெருக்கியின் கீழ் ஆராய்ந்தோ, மரபணுவைப் பகுத்தோதான் இனம் காண முடியும்.

பூட்டான் நாட்டின் வண்ணத்துப் பூச்சி ஒன்றின் வரலாறு இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. 1933-34-இல் லட்லோ, ஷெரிப் என்ற இரு பிரிட்டானியர்கள் கிழக்குப் பூட்டானின் டிராஷியாங்ட்சே பள்ளத்தாக்கில் நீண்ட வால்களையுடைய கரும்பூச்சி ஒன்றின் சில மாதிரிகளைச் சேகரித்தனர். 1942-இல் அது புதிய இனமென விவரிக்கப்பட்டு, லட்லோவின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ 75 ஆண்டுகள் அப்பூச்சியைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. அத்தகைய உயிர் ஒன்று உண்டு என்பதற்கு லண்டன் அருங்காட்சியகத்திலிருந்த அச்சில மாதிரிகளே சான்றாயின. 2009-இல் பூட்டான் வனத்துறைப் பணியாளர் ஒருவர் அதே பகுதியில் அதனை மீண்டும் கண்டார். 2012-இல் அது பூட்டானின் தேசிய வண்ணத்துப் பூச்சியாக அறிவிக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. சில மாதிரிகள் முறையாகப் பேணப்பட்டால் ஒரு நூற்றாண்டின் அறிவுக்கு அவை போதுமானவை. அடுத்து, பெருந்தொகையாகப் பிடிப்பதினும், தன் எல்லைக்குட்பட்ட காட்டினை நாள்தோறும் கூர்ந்து நோக்கும் களப்பணியாளரின் கண்ணே விஞ்ஞானத்திற்கு அதிகம் உதவுகின்றது.

முட்டைக் கணக்கு

"பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடுகின்றது, சிலவற்றைப் பிடிப்பதனால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர் உண்டு. இதற்கு விடை காண எளிய கணக்கொன்று உதவும்.

ஒரு பெண் பூச்சி 100 முட்டைகள் இடுவதாகக் கொள்வோம். ஆண்டுதோறும் பூச்சிகளின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்குமானால், அந்த 100 முட்டைகளில் சராசரியாக இரண்டே முழு வளர்ச்சி பெறுகின்றன என்பது பொருள். மற்ற 98-ம் எறும்பு, ஒட்டுண்ணிக் குளவி, பறவை, பூஞ்சணம், பெருமழை ஆகியவற்றிற்கு இரையாகின்றன. ஆகவே ஒரு முட்டையை எடுப்பதும், ஒரு வளர்ந்த பெண் பூச்சியை எடுப்பதும் சமமான செயல்கள் ஆகா. எடுக்கப்படும் முட்டை எவ்வாறாயினும் அழிந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. இன்னும் முட்டையிடாத பெண் பூச்சியோ, எல்லா ஆபத்துகளையும் கடந்து வந்த ஒன்று. அதனைக் கொன்றால் அடுத்த தலைமுறையின் 100 முட்டைகளும் அதனுடன் போய்விடுகின்றன.

இனி, ஒரு மலை உச்சியில் 60 பூச்சிகள் உள்ளன என்றும், அவற்றிற் பாதி பெண் என்றும் கொள்வோம். சேகரிப்பவர் ஒருவர் ஆறு பெண் பூச்சிகளை எடுத்துச் செல்கின்றார். பெண்களில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. புழுக்கள் குறைவதனால் எஞ்சியவற்றிற்கு உணவு கூடுதலாகக் கிடைத்து, இவ்விழப்பு ஓரளவு ஈடாகவும் கூடும். ஆனால் அதே பருவத்தில், ஒருவரையொருவர் அறியாமல், ஐவர் அம்மலைக்குச் சென்று ஆளுக்கு ஆறு எடுத்தால் பெண் பூச்சிகள் முப்பதும் தீர்ந்துவிடும். ஒவ்வொருவரும், "நான் எடுத்தது ஆறே" என்று உண்மையாகவே கூறலாம். மிகைச் சேகரிப்பு பெரும்பாலும் இவ்வாறே நேர்கின்றது. பேராசை கொண்ட ஒருவர் இல்லாமலேயே, அளவோடு எடுத்ததாக நம்பும் பலரால் ஒரு கூட்டம் அழியக்கூடும்.

பத்தாயிரம் பூச்சிகள் வாழும் சமவெளியில் இதே முப்பது பூச்சிகள் ஒரு பொருட்டல்ல. எனவே எத்தனை எடுக்கப்பட்டன என்பதினும், எத்தனையிலிருந்து எடுக்கப்பட்டன என்பதே முதன்மையான வினா.

எண்ணிக்கையை அறியும் முறை

ஓரிடத்திலுள்ள பூச்சிகளைக் கொல்லாமலே அவற்றின் தொகையை மதிப்பிடலாம். முதல் நாள் 20 பூச்சிகளைப் பிடித்து, இறகின் அடிப்புறத்தில் மையினால் சிறு புள்ளியிட்டு விட்டுவிட வேண்டும். அவை மற்றவற்றுடன் கலந்த பின், மறுநாள் மீண்டும் 20 பூச்சிகளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் 5 பூச்சிகளில் புள்ளி இருந்தால், நான்கில் ஒரு பங்கு குறியிடப்பட்டவை என்று ஆகின்றது. குறியிட்டவை 20 ஆதலால் மொத்தம் சுமார் 80 பூச்சிகள் இருக்கலாம். இடையில் பூச்சிகள் மிகுதியாக வெளியேறாமலும் புதிதாக வந்து சேராமலும் இருந்தால்தான் இக்கணக்குப் பொருந்தும். மெல்லிய இறகுடைய சிறு பூச்சிகளிடத்தும், மிக அரிய இனங்களிடத்தும் இம்முறையைப் பயில்வது தகாது. அவற்றிற்கு, குறித்த ஒரு பாதையில் வாரந்தோறும் ஒரே வேகத்தில் நடந்து, இருபுறமும் தென்படுபவற்றை எண்ணி எழுதும் முறை சிறந்தது. பிரிட்டனில் 1976 முதல் இம்முறையில் எண்ணிக்கை தொடர்ந்து எடுக்கப்பட்டு வருகின்றது.

உச்சியில் கூடும் ஆண்கள்

பல இனங்களின் ஆண் பூச்சிகள் மலையின் உச்சியில் கூடிப் பெண்களை எதிர்நோக்கிக் காத்திருக்கும். வேறு பல இனங்களின் ஆண்கள் ஓடைக்கரையின் ஈரமண்ணில் கூட்டமாக அமர்ந்து உப்புச் சத்தினை உறிஞ்சும். சுற்று வட்டாரத்தில் பரவி வாழும் பூச்சிகள் ஓரிடத்தில் திரளும் நேரங்கள் இவை. இத்திரளைக் காண்பவர், இவ்வினம் ஏராளமாக உள்ளது என்று தவறாக எண்ணிவிடக் கூடும். உண்மையில் பல கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள ஆண்களே அங்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

பொதுவாக ஆண் பூச்சிகள் பெண்களுக்குச் சில நாட்கள் முன்பே கூட்டுப்புழுவினின்றும் வெளிவருகின்றன. ஓர் ஆண் பல பெண்களுடன் இணையும் ஆதலால், பருவத்தின் கடைசியில் இறகு தேய்ந்த ஓர் ஆணை எடுப்பதால் கூட்டத்திற்கு நேரும் இழப்பு மிகக் குறைவு. ஆனால் சேகரிப்பவர் பலர் விரும்புவது, இறகு தேயாத புதிய பெண் பூச்சியையே. அழகிய மாதிரி வேண்டுமென்ற ஆசையும், இனத்தின் நலனும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுவே. இமயத்தில் வாழும் அப்பல்லோ வகைப் பூச்சிகளில் ஒரு வசதி உண்டு. இணைந்த பின் ஆண் பூச்சி, பெண்ணின் வயிற்று நுனியில் மெழுகு போன்ற ஓர் உறையை இட்டுச் செல்கின்றது. அவ்வுறை இல்லாத பெண், இன்னும் இணையாதது என்று கண்டு அதனை விட்டுவிடலாம்.

அரிதானதன் விலை

விஞ்ஞானத்திற்காகச் சேகரிப்பவருக்குச் சில மாதிரிகள் போதும். விற்பனைக்காகச் சேகரிப்பவருக்கு எல்லை என்பது இல்லை. சாதாரண வாணிகத்தில், பொருள் குறையும்போது அதைத் தேடும் செலவு மிகுந்து, தேடுவோர் விலகிவிடுவர். அரும்பொருள் வாணிகத்திலோ, எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறுகின்றது. விலை ஏற ஏற, கடைசிப் பூச்சியைத் தேடவும் ஆட்கள் முன்வருகின்றனர்.

இவ்வாணிகத்தைத் தடுக்க, அருகிவரும் உயிரினங்கள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 1973-இல் உருவாயிற்று. இந்தியா 1976-இல் அதில் சேர்ந்தது. உலகின் மிகப் பெரிய வண்ணத்துப் பூச்சியான, பப்புவா நியூகினியின் அலெக்சாந்திரா அரசிப் பூச்சி அதன் முதற் பட்டியலில் உள்ளது. கருநாடகத்தின் மாநில வண்ணத்துப் பூச்சியாகிய பொன்னழகியும், அப்பல்லோ பூச்சியும், பூட்டானின் லட்லோ பூச்சியும் இரண்டாம் பட்டியலில் அடங்கும்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2008-இல் டார்ஜிலிங் மாவட்டத்துச் சிங்கலீலாப் பகுதியில், அனுமதியின்றிப் பூச்சிகளைச் சேகரித்ததாகச் செக் நாட்டினர் இருவர் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். ஒருவருக்கு 20,000 ரூபாய் அபராதமும், மற்றவருக்கு மூன்றாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் ஆராய்ச்சியாளர் ஆதலால், இத்தண்டனை விஞ்ஞானத்திற்குத் தடையாகும் என்று பல நாட்டு அறிஞர்கள் வாதிட்டனர். அனுமதி பெறும் வழி இருக்கும்போது அதனைப் புறக்கணித்தல் ஆராய்ச்சியாளருக்கும் தகாது என்பது மறுபக்கத்தின் வாதம். இலங்கையின் யால தேசியப் பூங்காவில் 2020-இல் பிடிபட்ட இத்தாலியர் இருவரிடம் 92 இனப் பூச்சிகள் இருந்தன. 2024-இல் அவர்களுக்குச் சுமார் 6 கோடி இலங்கை ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

வேலி மட்டும் போதாது

சேகரிப்பைத் தடுத்துவிட்டால் பூச்சி தானே பிழைத்துவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. பிரிட்டனில் பெருநீலப் பூச்சி என்ற இனம் வேகமாகக் குறைந்து வந்தபோது, சேகரிப்போர் மீதே பழி சுமத்தப்பட்டது. அவர்கள் நுழையாதவாறு ஓரிடத்தில் வேலி அமைக்கப்பட்டது. வேலி ஆட்களைத் தடுத்தது. மேயும் கால்நடைகளையும் தடுத்தது. புல் உயரமாக வளர்ந்து, தரை குளிர்ந்தது. வெயில் படும் குறும்புல் தரையில் மட்டுமே வாழும் ஒருவகைச் சிவப்பெறும்பின் புற்றில்தான் இப்பூச்சியின் புழு வளர வேண்டும். எறும்பு மறைந்தது, அதனுடன் பூச்சியும் மறைந்தது. 1979-இல் அவ்வினம் பிரிட்டனில் அற்றுப்போயிற்று. எறும்பின் தேவையை ஆராய்ந்து அறிந்து, மேய்ச்சலைச் சீர்படுத்திய பின்னரே, 1983 முதல் சுவீடனிலிருந்து கொணர்ந்த பூச்சிகளைக் கொண்டு அவ்வினம் மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

தென்னிந்திய மலைகளுக்கும் இப்பாடம் பொருந்தும். நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் பெரும்பரப்பு, தேயிலை, தைலமரம், சீகை மரம், பைன் ஆகியவற்றிற்கு இடமளித்துவிட்டது. புல்வெளிப் பூச்சிகளின் குறைவிற்கு வலையைக் காட்டிலும் இம்மாற்றமே பெருங்காரணமாக இருக்கும். ஆயினும் இதனைச் சாக்காகக் கொண்டு மிகையாகச் சேகரித்தல் நியாயமாகாது. இருப்பிடம் சுருங்கிய இனத்தின் எண்ணிக்கை முன்பே குறைந்துள்ளது. அத்தகைய சிறு கூட்டத்திற்கே வலை மிகுந்த கேடு விளைவிக்கும்.

சட்டம் கூறுவது

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல வண்ணத்துப் பூச்சிகளுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. 2022-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் புதிய அட்டவணைகள் நடைமுறைக்கு வந்தன. அட்டவணையிலுள்ள இனங்களை ஆராய்ச்சிக்காகப் பிடிப்பதற்கும் உரிய அனுமதி பெற்றாக வேண்டும். தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி எந்தப் பூச்சியையும் எடுத்தல் குற்றமாகும். 2002-ஆம் ஆண்டு உயிரியற் பல்வகைமைச் சட்டத்தின்படி, புதிய இனத்தைக் கண்டறிபவர் அதனை அரசு குறித்துள்ள காப்பகத்திற்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கு ஒப்படைக்க வேண்டும்.

சட்டத்தின் பட்டியலும் இயற்கையில் காணும் அருமையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆடுதீண்டாப்பாளையில் வளர்ந்து தோட்டங்களில் பறக்கும் சிவப்புடல் அழகி, பல ஆண்டுகள் முதல் அட்டவணையில் இருந்தது. மறுபுறம், ஒரு சில மலைகளுக்கே உரிய இனங்கள் சில, பட்டியலில் இடம்பெறாமலும் இருக்கக்கூடும். எனவே, பட்டியலில் இல்லை என்பது எடுப்பதற்குப் போதிய காரணம் ஆகாது.

களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டியவை

1. மலைக்குச் செல்லுமுன், விடை காண வேண்டிய கேள்வி எது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். கேள்வியின்றி மாதிரி எடுத்தல் கூடாது.

2. புகைப்படத்தாலோ, பிடித்துப் பார்த்து விட்டுவிடுவதாலோ இனம் காண இயலுமானால் கொல்ல வேண்டியதில்லை.

3. அந்த இடத்தின் மாதிரி முன்பே ஏதேனும் ஒரு தொகுப்பில் உள்ளதா என்று விசாரித்தறிய வேண்டும்.

4. எடுக்க நேர்ந்தால் ஆண் பூச்சியையே எடுக்க வேண்டும். பெண் தேவையானால், முட்டையிட்டு இறகு தேய்ந்ததைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

5. ஒரே உச்சியிலோ ஒரே ஓடைக்கரையிலோ ஆண்டுதோறும் எடுத்தல் தகாது.

6. இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர், அமர்ந்திருந்த தாவரம் ஆகியவற்றைத் தாங்கிய பெயர்ச்சீட்டு அன்றைய தினமே இணைக்கப்பட வேண்டும். சீட்டில்லாத மாதிரி விஞ்ஞானத்திற்குப் பயன்படாது. அப்பூச்சி வீணே கொல்லப்பட்டதாகும்.

7. மாதிரி வீட்டுப் பெட்டியில் தங்கிவிடாமல், பேணும் வசதியுள்ள பொதுத் தொகுப்பைச் சேர வேண்டும்.

8. மிக அரிய இனத்தின் சரியான இடத்தைப் பொதுமக்கள் அறியும்படி வெளியிடுதல் கூடாது. அத்தகவல் ஆராய்ச்சியாளரிடமும் வனத்துறையிடமும் இருந்தால் போதும்.

புகைப்படம் எடுப்போரும் இந்நெறிகளுக்கு விலக்கானவர் அல்லர். உணவுத் தாவரங்களை மிதித்தலும், நல்ல படத்திற்காகப் பூச்சியை மீண்டும் மீண்டும் கலைத்தலும் சிறு கூட்டத்திற்குத் தீங்கு செய்யும். ஆனால் முறையாக எடுத்து, நாளும் இடமும் குறித்த படம் உயர்ந்த சான்றாகும். பெங்களூருவின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்து ஆராய்ச்சியாளர்கள், நாடெங்குமுள்ள ஆர்வலர் அனுப்பும் இத்தகைய படங்களைச் சரிபார்த்துத் தொகுத்து வருகின்றனர்.

பள்ளியில் செய்யத்தக்கது

பூச்சிகளைக் குத்திய பெட்டி ஒன்றைக் கொண்டு வருமாறு மாணவர் ஒவ்வொருவரையும் பணிப்பது முன்பு வழக்கமாக இருந்தது. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில், ஆளுக்குப் பத்து எனினும் நானூறு பூச்சிகள் மடியும். அவற்றிற் பெரும்பாலானவை ஆண்டிறுதிக்குள் எறும்பிற்கும் பூஞ்சணத்திற்கும் இரையாகிவிடும்.

இதற்குப் பதிலாக, பள்ளித் தோட்டத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு ஆகியவற்றை வளர்க்கலாம். அவற்றின் இலையில் காணும் முட்டையையோ புழுவையோ காற்றோட்டமுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு, நாள்தோறும் புதிய இலை அளித்து, அளவெடுத்து எழுதச் செய்யலாம். தோலுரித்தல், கூட்டுப்புழு ஆதல், இறகு விரிதல் ஆகிய மூன்றையும் மாணவர் கண்ணாரக் காண்பர். சில புழுக்களிலிருந்து வண்ணத்துப் பூச்சி வராமல் சிறு குளவிகள் வெளிவரும். 100 முட்டைகளில் 98 எங்கே போகின்றன என்ற கேள்விக்கு அப்போது புத்தகத்தின் உதவியின்றியே விடை கிடைக்கும். வெளிவந்த பூச்சியைப் புழு கிடைத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. ஒரு குன்றில் முதல் நாள் 30 பூச்சிகள் குறியிடப்பட்டன. மறுநாள் பிடித்த 24 பூச்சிகளில் 8 குறியுடையவை. மொத்தம் எத்தனை இருக்கலாம்? அவற்றிலிருந்து பத்துப் பெண்களை எடுக்க ஒருவர் அனுமதி கேட்டால், என்னென்ன கேள்விகள் கேட்பீர்கள்?

2. மலையுச்சியில் ஒரே காலையில் 50 ஆண் பூச்சிகளைக் கண்ட ஒருவர், அவ்வினம் அங்கு மிகுதி என்று முடிவு செய்கின்றார். அம்முடிவிலுள்ள குறை யாது?

3. உங்கள் ஊரில் புல்வெளியோ புதரோ அண்மையில் மறைந்துள்ளதா? அங்கு முன்பு காணப்பட்ட எந்தப் பூச்சி இப்போது காணப்படவில்லை என்பதை முதியோரிடம் கேட்டுக் குறித்து வருக.